கண்ணீர் கேளாத கலை

ஏழைப் பெண்ணைத் திரையில் காட்டுவோர் முதலில் அவளை அழவைப்பர். பின் நம்மை அழவைப்பர். கைக்குட்டை நனைந்ததும் கடமை முடிந்ததென வீடு திரும்புவோம். இந்தக் கண்ணீர் வாணிபத்துக்கு உடன்படாத நடிகை ஒருவர் பெல்ஜியத்தில் இருந்தார். எமிலி தெக்கென் அவர் பெயர். 1981-இல் பிறந்தவர், 2025 மார்ச்சு 16-இல், 43 வயதிலேயே, புற்றுநோய்க்கு இரையானார்.

முதற்படம் 'ரொசெட்டா' (1999), டார்டென் உடன்பிறந்தார் இயக்கியது. குடிகாரத் தாயோடு வண்டிவீட்டில் வாழும் ரொசெட்டா வேலை தேடி அலைகிறாள். சோதனைக்காலம் முடிந்ததென்று தொழிற்சாலை விரட்டுகிறது. போக மறுத்து மல்லுக்கு நிற்கிறாள். அன்பு காட்டிய ஒரே இளைஞனையும் முதலாளியிடம் காட்டிக்கொடுத்து, அவன் வேலையைப் பறித்துக்கொள்கிறாள். துரோகமன்றோ? ஆம், துரோகந்தான்! ஓர் இடத்துக்கு இரு ஏழைகளை மோதவிட்டது யார் என்று படத்தில் எவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவளது பின்கழுத்தும், மூச்சிரைப்பும், சேற்றுக் காலணியை மாற்றும் அவசரமுமே கேட்கின்றன. 17 வயதில் கான் விழாவின் சிறந்த நடிகைப் பரிசு, மற்றொரு புதுமுகத்தோடு பகிர்ந்து, அவருக்குக் கிடைத்தது. படத்துக்குத் தங்கப்பனை.

அதே ஆண்டில் 'ரொசெட்டா திட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டம் பிறந்தது. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் நூற்றுக்கு 3 இடம் இளைஞர்க்குத் தரவேண்டும் என்றது. படம் வந்தது, சட்டம் பிறந்தது என்று அற்புதக் கதை சொல்வோர் உண்டு. சட்டம் முன்னரே உருவாகி வந்தது, படத்தின் பெயரைச் சூடிக்கொண்டது, அவ்வளவே என இயக்குநர்களே கூறிவிட்டனர். புராணம் படைக்கும் ஆசை ஐரோப்பாவையும் விடவில்லை போலும்!

2001-இல் ஓநாய்ப் படமொன்றில் சீமாட்டியாக வந்தார்; அழகாக நின்றார். அதை விடுவோம்.

2012-இல் வந்தது யோக்கிம் லபோஸ் இயக்கிய 'ஆ பெர்த்ர் லா ரெசோன்'. அறிவு பிறழும் அளவுக்கு என்பது பொருள். முரியெல் ஓர் ஆசிரியை. கணவனை வளர்த்த மருத்துவரின் வீட்டில், அவர் பணத்தில் குடித்தனம். கொடையாகத் தொடங்கியது கட்டளையாகிறது. பிள்ளைமேல் பிள்ளை. முடிவில் நான்கு மக்களையும் தாயே கொல்கிறாள். 2007-இல் பெல்ஜியத்தில் நடந்த கொடுமையைத் தழுவிய கதை. தாய்மைக்குத் தூபம் போடுவோர் காணட்டும்! சம்பளம் வாங்கும் பெண் அடிமையாகாள் என்பர் எங்கள் ஆசிரியர் அறையில், முரியெலும் சம்பளக்காரிதான். காரோட்டியபடியே, பெண்ணைப் புகழும் பாட்டொன்றைச் சேர்ந்து பாடுகிறாள். பாட்டு நீள நீள முகம் உடைகிறது, வெட்டில்லாத ஒரே காட்சியில். இதுவும் அழுகைதானே என்பீர். இந்த அழுகை கண்டு நமக்கு அழத் தோன்றவில்லை. அந்த வீட்டுக் கதவை உடைக்கத் தோன்றுகிறது.

2017-இல் 'ஷே நூ'. வெறுப்பரசியல் கட்சியொன்று நகராட்சித் தலைவர் பதவிக்கு நிறுத்தும் செவிலியாக நடித்தார். முன்னோட்டம் கண்டே பிரான்சின் தேசிய முன்னணியினர் கொதித்தனர். முழுப்படமும் கண்டால் இன்னும் கொதித்திருக்க வேண்டும். அந்தச் செவிலியை எமிலி கொடியவளாகவும் காட்டவில்லை, மூடப்பெண்ணாகவும் காட்டவில்லை. நோயாளிகள் வீட்டில் அவள் பெற்ற நல்ல பெயரைக் கட்சி எப்படிக் களவாடுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டினார்.