மூட்டையைச் சுமப்பது யார்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் அகல் விளக்கும் பொம்மையும் சுட்டெடுக்கும் குடும்பங்களுக்குக் கோடையில் இரட்டை வெயில்: வெளியே கத்திரி, உள்ளே சூளை. பழமலை, முதுகுன்றம் என்று ஊருக்குப் பெயர்கள் இருந்தாலும், ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. பள்ளி விடுமுறையில் நாலு காசும் நாலு நாளும் கையில் சேர்ந்தால் ரயிலேறி, கொடைரோட்டில் இறங்கி, கொடைக்கானல் மலைக்குப் போகிறோம். அங்கே வேன் பிடித்து, பாயிண்ட் பாயிண்ட்டாக இறங்கி ஏறி, படம் எடுத்து, போக்குவரத்து நெரிசலில் பாதி நாளைத் தொலைத்துவிட்டுத் திரும்புகிறோம். இதற்கு மாற்றாக, சுமையைக் குதிரை மீதோ கழுதை மீதோ ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு மலைப்பாதையில் நடக்கும் விடுமுறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கே அது நல்லது, எங்கே கெட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடைக்கு மலையேறுவது புதிய பழக்கமல்ல. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் சமவெளியின் நோய்க்கும் வெக்கைக்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டின. 1914-இல் மலைச்சாலை முடியும்வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டியிருந்தது. ஆண்கள் நடந்தார்கள், அல்லது மட்டக்குதிரையில் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் டோலியில் போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஊர்க் கூலிகள். குடும்ப மலைவிடுமுறையின் தமிழ்நாட்டு வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது: ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் தோள் கொடுத்தார். அந்தத் தோளின் இடத்துக்கு விலங்கின் முதுகு வந்தால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

இருந்தாலும் இந்த முறையின் பலன்களை மறுக்க முடியாது. நடைப்பயணம் பொதுவாக இளவட்டங்களின் விளையாட்டு. பதினைந்து கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறு என்றால் அறுபது வயது அம்மாவும் ஆறு வயதுப் பிள்ளையும் விடுதியிலேயே தங்கிவிடுவார்கள். சுமை முதுகைவிட்டு இறங்கினால் அவர்களும் வரலாம். பிரான்சின் செவென் மலைப்பகுதியில் 1878-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மோடஸ்டின் என்ற கழுதையோடு நடந்தார். மறு ஆண்டு அது புத்தகமாக வந்தது. இன்று அதே வழியில் குடும்பங்கள் கழுதையை வாடகைக்கு எடுத்து நடக்கின்றன. அவசரப்படாத, அடிக்கடி புல்லுக்கு நிற்கிற துணை ஒன்று கூட வருவதால், பெரியவர்களின் வேகமும் தானாகவே பிள்ளைகளின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. வேனில் ஏறினால் இது வாய்க்காது.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய இடம் வெள்ளகவி. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கினால் வரும் ஊர். தலைமுறை தலைமுறையாக அரிசி, மளிகை எல்லாம் குதிரை முதுகில்தான் போய்ச் சேர்ந்தன. காப்பி, எலுமிச்சை, பட்டர்ஃப்ரூட் எல்லாம் அதே முதுகில்தான் வெளியேறின. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. மண்ணே அவர்களுக்குக் கோயில். அங்கே குதிரைக்குச் சுற்றுலாவுக்கு முன்பே வேலை இருக்கிறது. வெளியூர்க்காரரின் பை, இருக்கிற பொதியோடு சேரும் ஒரு சின்னக் கூடுதல். குதிரைக்கு நோவு வந்தால் நட்டம் வீட்டுக்காரருக்குத்தான் என்பதால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

ஆனால் வெள்ளகவியைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிடுகிறோம். நமக்கு அழகாகத் தெரிகிற அந்தப் பாதை, ஊர்க்காரர்களுக்கு ஒரு தண்டனை. நோயாளியை டோலியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை ஏறியவர்கள் அவர்கள். சாலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. குதிரை மணி ஓசை போய்விடுமே என்று ஒரு சுற்றுலாப் பயணி வருந்தினால், அவரை அந்தப் பாதையில் ஒரு பிரசவ வலிக்காரியோடு ஓர் இரவு நடக்கவிட வேண்டும்.

இன்னொரு முனையில் கேதார்நாத் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். வழியெங்கும் கோவேறு கழுதைகள். கோயில் நடை திறந்திருக்கும் ஆறு மாதத்துக்குள் ஆண்டு முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும். அதனால் ஒரே விலங்கை ஒரே நாளில் மறுபடியும் ஏற்றுகிறார்கள். தண்ணீர், தீவனம், ஓய்வு மூன்றும் குறைகின்றன. 2022 யாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன. 2025 மே மாதம் குதிரைக் காய்ச்சல் பரவியதால் போக்குவரத்தையே சில நாள் நிறுத்தினார்கள். ஓட்டுபவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். உண்மையில் கொடுமை அந்த ஆறு மாதக் கணக்கில் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று பொதிக்கு வரம்பு கட்டுகின்றன. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மட்டக்குதிரை மீது நம்மில் ஒரு வளர்ந்த ஆள் ஏறினாலே அந்த 70 கிலோ தீர்ந்துவிடும். ஆக, பையை ஏற்றலாம்; நாம் ஏறக் கூடாது. மலைப்பாதையில் தராசு வைத்துக் காத்திருக்கும் அதிகாரி கிடையாது என்பதால், கண்காணிப்பு வாடகைக்கு எடுப்பவரின் கண்ணில்தான் இருக்கிறது. புறப்படும் முன் சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தோள்மேட்டில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தாலோ, சாக்குத்துணி புண்ணில் ஒட்டியிருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பக்க மூட்டையும் எடை ஒத்திருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரிந்து, இறக்கத்தில் எலும்பை அறுக்கும்.

விடுமுறைக்கும் காட்டுக்கும் நாள்காட்டி ஒத்துப்போவதில்லை என்பது இன்னொரு குறை. பிள்ளைகளுக்கு விடுமுறை கோடையில். காடு காய்ந்து தீப்பிடிக்கிற காலமும் ஏறக்குறைய அதுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024-இல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல், ஒரு குதிரைக்காரரின் கைப்பேசி எண்ணை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அழைத்துப் போவது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்து நிறுத்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாம் வராத நாளில் அந்த விலங்குக்கு வேலை இருக்கிறதா? இருந்தால், அது அந்த ஊரின் வாழ்க்கையில் ஓர் அங்கம். நம் வாடகை அந்த வீட்டுக்கு உபரி வருமானம். இல்லையென்றால், அது நமக்காகவே பிடித்துவரப்பட்டு, கூட்டம் இருக்கும்வரை ஓட்டப்பட்டு, கூட்டம் கலைந்ததும் தெருவில் விடப்படும். முதல் வகைக்குப் பணம் கொடுத்து நடக்கலாம். இரண்டாவது வகைக்கு, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும், வேண்டாம் என்று மறுத்துவிடுவதே நல்லது. அந்த முதல் வகை கிடைக்காத மலையில், தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாவும் பிள்ளையும் நடக்க முடிந்த இடம்வரை மட்டும் போய்த் திரும்புவதும் விடுமுறைதான். உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் குடும்பங்களுக்கு இல்லை.