கந்தப்பனாருக்கு ஒரு விசிறி

முதலே சொல்லிப்போடுகிறேன், இது நடுநிலையான கட்டுரை இல்லை. இரசிகமணி கனக செந்திநாதன் என்ற பெயரை ஆராவது எடுத்தால் போதும், தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கிவிடுவேன். இதற்காக வீட்டில் எனக்கொரு பட்டப்பெயரே உண்டு, அதை இங்கே எழுத ஏலாது.

பின்னே என்ன? யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியில் ஒரு வாத்தியார், 1916இல் பிறந்தவர், மற்றவர்கள் எழுதியதைத் தேடித்தேடி வாசித்து, அதைப் பற்றி மனமார எழுதி எழுதியே தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டார்! கதை எழுதத் தெரியாத ஆள் இல்லை. 'வெண்சங்கு' சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது, 'விதியின் கை' நாவல் இருக்கிறது. ஆனால் சனம் அவருக்குக் கொடுத்தது இரசிகமணி என்ற பட்டம். தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபை கூட்டிக் கம்பனைச் சுவைத்த டி.கே.சி.க்கு வாய்த்த அதே பட்டம், ரசித்ததற்காக!

இதைக் கேளுங்கோ. அதே குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா 1930இல் தொடங்கிய வாரப் பத்திரிகை ஈழகேசரி. அதில் 'ஈழத்துப் பேனா மன்னர்கள்' என்று ஒரு தொடர் வருகிறது. தமிழ்நாட்டு எழுத்தாளரின் பெயர்களை எங்கள் ஆட்கள் மந்திரம் மாதிரி ஒப்புவித்துத் திரிந்த காலம் அது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவன் எழுத்தாளன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் எங்கள் எழுத்தாளர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வந்து, இவர் இன்னார், இப்படி எழுதுகிறார், வாசியுங்கோ என்று நிறுத்துகிறார். கீழே கையெழுத்து: கரவைக்கவி கந்தப்பனார். ஆர் இந்தக் கந்தப்பனார்? எங்கள் செந்திநாதன் வாத்தியார்தான்! பிறத்தியாருக்குப் பந்தல் போட்டவர் அந்தப் பந்தலில் தன் சொந்தப் பெயரைக்கூட மாட்டவில்லை ஐயா!

இப்ப கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கோ. நீங்கள் ஓர் இளம் எழுத்தாளர், வேலணையிலோ வல்வெட்டித்துறையிலோ இருக்கிறீர்கள், இரண்டு கதை அச்சில் வந்திருக்கிறது, ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது, வாசிகசாலை வாங்கில் குந்தியிருந்து ஈழகேசரியைப் பிரட்டுகிறீர்கள், அச்சுமை இன்னும் விரலில் ஒட்டுகிறது, திடீரென்று உங்கள் பெயர், உங்கள் கதையின் பெயர், அதை ஒருவர் உண்மையாகவே வாசித்திருக்கிறார் என்பதற்கு வரிக்கு வரி சாட்சி! சைக்கிளை எடுத்துக்கொண்டு காற்றாய்ப் பறக்கமாட்டீர்களா? அந்தக் கந்தப்பனார் அடுத்த கிழமை ஆரைப் பற்றி எழுதினாலும் தேடி வாசிக்கமாட்டீர்களா? சாகும் வரைக்கும் அந்த மனுசனை மறப்பீர்களா? இதுதான் சங்கதி, இப்படித்தான் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லுவேன்!

அவருடைய 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' 1964இல் வந்தது. அதை நான் முதன்முதல் வாசித்தது ஒரு மழை இரவில், கரண்ட் போய், வெளியே தவளைகள் கத்த, நுளம்புச் சுருளின் புகை மூக்கில் ஏற, கைத்தொலைபேசி வெளிச்சத்தில். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அட இவரும் எழுதினவரா, ஐயோ அவருமா, எங்கள் ஊர்க்காரரா, எனக்குத் தெரியாதே என்று தனியே புலம்பிப் புலம்பி, கடைசியில் பொறுக்கமுடியாமல் நடுச்சாமத்தில் கூட்டாளிக்கு ரெலிபோன் எடுத்துப் பெயர் பெயராக வாசித்துக் காட்டினேன். அவன் விசரனுக்குப் பேசுவது போலப் பேசினான். பேசட்டுமே! அந்தப் புத்தகம் வருவதற்கு முந்தின வருசம், 1963இல், யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவில் எழுத்தாளரும் எழுத்தாளரும் முட்டி மோதிக் கூழ்முட்டை பறந்த கதை தெரியும்தானே? மேடையில் முட்டை பறக்கிற காலத்தில், பழையவன் புதியவன் என்று பாராமல் கவிஞரையும் கதைக்காரரையும் நாடகக்காரரையும் ஒரே புத்தகத்துக்குள் கூட்டி இருத்தியிருக்கிறார் இந்த மனுசன், வாசித்து, நினைவில் வைத்து, பெயர் சொல்லி! நடமாடும் நூலகம் என்று அவரைச் சொன்னது சும்மாவா? சில இடங்களில் பெயர்ப்பட்டியல் போல நீளுகிறது என்பீர்கள். நீளட்டும், எனக்கு அந்தப் பட்டியலே தேன்.

1966இல் டொமினிக் ஜீவா மல்லிகை இதழைத் தொடங்கி, எங்கள் எழுத்தாளரின் முகங்களை அட்டையில் போட்டதை நினைக்கும்போதும் எனக்குக் கந்தப்பனாரின் ஞாபகம்தான் வருகிறது. ஆதாரம் கேளாதையுங்கோ, இது விசிறியின் கதை. செந்திநாதன் வாத்தியார் 1977இல் போய்விட்டார்.

'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' நூலகம் எண்ணிம நூலகத்தில் இருக்கிறது, ஒரு சதமும் தேவையில்லை. இண்டைக்கு இரவே திறந்து பாருங்கோ. வாசிக்க வாசிக்க ஆருக்காவது ரெலிபோன் எடுக்க வேண்டும்போல வரும், கூச்சப்படாமல் எடுங்கோ!