யாக்கோபு நிருபமும் ஒரு கூலிக் கணக்கும்

சமண நூல்களைப் புரட்டுகிற நயினாருக்கு விவிலியத்தில் என்ன வேலை என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. ஒரு கூலிக் கணக்குதான் காரணம். முப்பது ஆண்டுகளுக்கு முன் சாந்தன்பாறையில் என் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்க வந்த ஓர் அம்மாவுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. போடி ஏலத்துப் பணம் வரட்டும் என்று இழுத்தடித்தேன். "மொதலாளி, எங்க வேதத்துல யாவாரிங்களுக்குன்னே ஒரு நிருபம் இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்தேன். யாக்கோபு நிருபம், ஐந்தே அதிகாரம். இன்ன ஊருக்குப் போய் ஒரு வருஷம் வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்பவர்களை நாலாம் அதிகாரத்தில் மடக்குகிறார். நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியுமா என்பது அவர் கேள்வி. ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்த ஆட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூச்சல் போடுகிறது. ஆள் வாய் திறக்குமுன் கூலி வாய் திறந்துவிடுகிறது! இதற்கு வேர் மோசேயின் சட்டத்தில் உள்ளது. கூலியாளின் கூலி இராத்தங்கக் கூடாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்துக் கட்டளை. என்னிடம் மூன்று வாரம் தங்கியிருந்தது.

கிரியை இல்லாத விசுவாசத்துக்கு உயிர் இல்லை என்பது நிருபத்தின் மையம். இங்கேதான் தமிழ் வாசகனுக்குத் தடுமாற்றம். கிரியை என்றால் சைவர்களுக்குச் சரியைக்கு அடுத்த படி. மற்றவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியம். சடங்கு வாடை அந்தச் சொல்லைவிட்டுப் போகவில்லை. 1995இல் வந்த திருவிவிலியம் அதைச் 'செயல்' ஆக்கியது நல்ல காரியம். ஆனால் விசுவாசத்தை 'நம்பிக்கை' ஆக்கியதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும்போதும் நாங்கள் அந்தச் சொல்லைத்தானே சொல்லுகிறோம்!

யாக்கோபு கேட்கும் செயல் சடங்கு அல்ல. சபைக்குள் பொன் மோதிரக்காரருக்கு ஆசனம், கந்தல்காரருக்கு நிற்க இடம் என்ற பாகுபாட்டைக் கண்டிக்கிறார். துணியும் சோறும் இல்லாதவரை நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்கிறார். மார்கழிக் குளிரில் எஸ்டேட் லயங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

மார்ட்டின் லூதர் 1522இல் இதை வைக்கோல் நிருபம் என்று தாழ்த்தினார். பவுலுக்கு முரண் என்பது அவர் கட்சி. பவுல், யாக்கோபு இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைத்து வெவ்வேறு தீர்ப்பு வாங்குவது உண்மைதான். என் சிற்றறிவுக்கு, பவுல் தள்ளுவது விருத்தசேதனம் முதலான நியமங்களால் நீதிமானாகலாம் என்ற எண்ணத்தை. யாக்கோபு கேட்பது கொடுக்க வேண்டிய கூலியை. கலாத்தியருக்கு எழுதும்போது, அன்பின் வழியாய்ச் செயல்படும் விசுவாசத்தைப் பவுலும் பேசுகிறார். வழக்கு அவ்வளவு பெரிதல்ல.

எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்ததே வழி என்றுதான் தொடங்குகிறது. அதன் ஏழாம் இயல், கள்ளாமை விரதத்தின் குற்றங்களில் கள்ள எடையையும் கலப்படத்தையும் சேர்த்திருக்கிறது. என் தராசு சுத்தம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான். கூலிப் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லையே! ஆனால் கொல்லாமை விரதத்தின் குற்றங்களில் உணவையும் நீரையும் தடுத்தல் என்று ஒன்று இருக்கிறது. அது ஆடு மாடுகளுக்கு என்றே அதுவரை உரை சொல்லிவந்தேன்.

அந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலமே கணக்குத் தீர்த்தேன். ரெண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.