வரலாற்றுப் பாடநூலின் எழுவாய்: கனிஷ்ட இடைநிலை வகுப்புகளிற் பண்டைய உலகம்

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள மாணவர்க்குப் பண்டைய உலக வரலாறு பெரும்பாலும் ஒரே வகையான வாக்கியத்தினாலேயே அறிமுகமாகிறது. கூபு பெரிய பிரமிட்டைக் கட்டினான். ஹமுராபி சட்டம் வகுத்தான். இத்தகைய வாக்கியங்களில் தகவற்பிழை தேடுவதிலும் பார்க்க, அவற்றின் இலக்கண அமைப்பை நோக்குவது பயனுடையது. எழுவாய் அரசன், செயப்படுபொருள் கல், கல்லைச் சுமந்தவனுக்கு வாக்கியத்தில் இடமில்லை. பாடநூலும் ஓர் எடுத்துரைப்பே. ஆகவே அதுவும் திறனாய்வுக்குரியது என நாம் கருதுவது இதனாலேயே. வாசிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவன் வரலாற்றை நோக்கி எழுப்பும் வினாக்களாக பேர்டோல்ட் பிறெக்ற் 1935இல் எழுதிய கவிதை இக்குறையையே சுட்டிற்று. அதனை நாம் மேடைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறோம். வகுப்பறைக்கு அது இன்னும் சென்று சேரவில்லை.

முற்போக்கு நூல்கள் சில இதற்குக் கண்ட பரிகாரமும் நிறைவானதன்று. அரசன் இருந்த இடத்தில் அவை 'அடிமைகள்' என்ற சொல்லை வைத்தன. 1938இல் வெளிவந்த ஸ்டாலினின் எழுத்து வழியாகப் பரவிய ஐந்து கட்ட வாய்பாடு எகிப்தையும் அடிமைச் சமுதாயமாகவே காணத் தூண்டியது. ஆசிய உற்பத்தி முறை என ஒன்றை மார்க்ஸ் தனியே குறித்திருந்தமை வசதியாக மறக்கப்பட்டது. ஆனால் 1990இல் கீசாவில் வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், 2013இல் செங்கடற் கரையிலுள்ள வாதி அல்-ஜார்ஃபிற் கிடைத்த பப்பைரஸ் ஏடுகளும் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. மெரெர் என்னும் மேற்பார்வையாளன், தன் குழுவினர் துராவில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகேற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்றதை அவ்வேடுகளில் நாள்வாரியாகக் குறித்துள்ளான். இவர்கள் விலைக்கு வாங்கப்பட்டோர் அல்லர். அரசினால் திரட்டப்பட்டு, உணவு வழங்கப்பட்டு, வேலை வாங்கப்பட்டோர். ஆதலின் சுரண்டல் இருக்கவில்லை என முடிவு கட்டுவது பேதமை. சுரண்டல் இருந்தது, அதன் பொறிமுறை வேறு. அப்பொறிமுறையை விளக்காது பெயரை மட்டும் மாற்றும் பாடம், மன்னர் பட்டியலைப் போன்றே மனனத்துக்கு உரியதாகிவிடும்.

உபரி, வர்க்கம் முதலிய கருத்துகள் இவ்வயதினர்க்கு விளங்கா என்பது வழமையான ஆட்சேபம். சொற்கள் விளங்காதிருக்கலாம். ஆனால் அரச கல்லறைகளை அகழ்ந்தோர் வாழ்ந்த தெயிர் எல்-மதீனா என்னும் கிராமத்தின் கூலிக் கணக்கு விளங்காதா? சாதாரண தொழிலாளிக்கு மாதந்தோறும் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் கூலி. மூட்டை ஒன்று ஏறத்தாழ 76 லீற்றர் கொண்டது. குழுத் தலைவனுக்கு (கங்காணி என்றே மாணவருக்குச் சொல்லலாம்) எல்லாமாக ஏழரை மூட்டை. நாணயம் வழக்கில் இல்லாத அச்சமூகத்தில் இத்தானியம் எங்கிருந்து வந்தது, யார் விதைத்தது, யார் அளந்தது என வினவத் தொடங்கும் பிள்ளை உபரியின் வாயிலில் நிற்கிறது. கோடன் சைல்ட் 1936இல் பொது வாசகருக்கு எழுதிய நூலில் நகரங்களின் தோற்றத்தை உணவு உபரியோடு இணைத்துக் காட்டியதன் பயனை ஆசிரியர் இவ்விடத்திற் கொள்ளலாம்.

கணக்கோடு கதையும் உண்டு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், கூலித் தானியம் வந்து சேராதபோது அக்கிராமத்தார் வேலையை விட்டு வெளியேறி, மூன்றாம் துத்மோசின் கோயிற் பின்புறத்தில் அமர்ந்தனர். பசியும் தாகமும் தம்மை அங்கே கொண்டுவந்ததென்றும், உடையும் எண்ணெயும் மீனும் இல்லையென்றும் முறையிட்டு, அரசனுக்கு எழுதுமாறு கோரினர். வேலைநிறுத்தம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கொள்ளப்படும் இவ்வேடு இன்று தூரின் நகர அரும்பொருளகத்தில் உள்ளது. இதனை எழுதியவன் தொழிலாளியல்லன், எழுத்தன் என்பதும் நோக்கற்பாலது. உருக் நகரத்து மிகப் பழைய களிமண் பலகைகளிற் பெரும்பாலானவை பண்டசாலைக் கணக்குகளே. எழுத்து பிறந்ததே அளப்பவன் கையில். அக்கை வழியாக உழைப்பவன் குரல் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது, நம் பட்டதாரி மாணவர்க்கு மட்டுமன்றி எட்டாம் வகுப்பினர்க்கும் ஏற்ற வினாவே.

இக்கிராமத்துக்கு நான்கு பாடவேளைகளை ஒதுக்கினால் அசீரியாவும் பாரசீகமும் சுருங்கும், பரீட்சை வினாத்தாளுக்கு ஆயத்தம் போதாது என ஆசிரியர் கூறுவர். சுருங்கட்டும். வினாத்தாளில் 'கட்டியவன் யார்' என்ற வினாவுக்கு அருகில் 'கட்டியோர் எதனை உண்டனர்' என்ற வினாவைச் சேர்க்கப் பரீட்சகர்களுக்குத் தடையேதும் இருப்பதாக நாம் அறியோம்.