கோயிற் கிணறும் கலைஞனின் தாகமும்
(மு. தளையசிங்கம் பற்றிய ஒரு மறுநோக்கு)

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் செல்லும் பாதை குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. அதற்கப்பாற் கடல், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகிலேதான் செல்லவேண்டும். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவரும், புத்தர் பெருமான் எழுந்தருளிய தலங்களுள் ஒன்றெனத் தாம் நம்பும் நாகதீப விகாரைக்குச் செல்லும் சிங்கள பௌத்தரும் இத்துறையில் ஒரே படகில் ஏறுகின்றனர். நயினாதீவில் விகாரைக்கென ஓர் இறங்குதுறையும் கோயிலுக்கென ஓர் இறங்குதுறையும் இருப்பதால், மறுகரையில் அவர்கள் பிரிந்து செல்கின்றனர். நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் பொருதபோது புத்தர் தோன்றிச் சமாதானம் செய்தார் என்ற கதையை மகாவம்சமும் கூறுகின்றது. மணிமேகலையும் மணிபல்லவத்தோடு தொடர்புபடுத்தி அதனையொத்த கதையைக் கூறுகின்றது. இவ்வழகிய ஒற்றுமையை மட்டும் எடுத்துக்காட்டி மத நல்லிணக்கம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் நம்மிடையே குறைவில்லை. 1958 இல் அங்குள்ள விகாரை தாக்கப்பட்டதையும் 1986 இல் அம்மன் கோயிலின் தேர் எரிக்கப்பட்டதையும் அவை பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆயினும் இக்கட்டுரை நயினாதீவுக்குச் செல்லும் படகைப் பற்றியதன்று. அப்படகில் ஏறுவோர் குறிகட்டுவானை அடையுமுன் கடந்துவரும் புங்குடுதீவில், 1971 ஆம் ஆண்டில் ஒரு கோயிற் கிணற்றைச் சூழ நிகழ்ந்ததைப் பற்றியது. வெவ்வேறு தெய்வங்களை வழிபடுவோர் ஒரு படகிற் செல்ல முடிந்த அதே தீவகத்தில், ஒரே தெய்வத்தை வழிபடுவோர் ஒரு கிணற்றில் நீர் அள்ள முடியவில்லை. சமயங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆராய்வதில் நாம் காட்டும் ஆர்வத்தை, ஒரு சமயத்தின் உள்ளேயே நம்பிக்கையும் நீதியும் மோதிக்கொள்ளும் இடங்களை நோக்குவதிற் காட்டுவதில்லை.

புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமை பெறவேண்டுமென அவ்வாண்டிற் சத்தியாக்கிரகம் நடத்தப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் அவ்வூரில் 1935 இற் பிறந்தவரும், ஆசிரியரும், எழுத்தாளருமான மு. தளையசிங்கம். பொலிஸார் அவரைத் தாக்கினர், சிறையும் வாய்த்தது. நலிவுற்ற அவர் 1973 ஏப்ரலில், நாற்பது வயதைக் காணாமலே மறைந்தார். இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இச்செய்தி ஒரு வாழ்க்கைக் குறிப்பாக, இறுதிப் பந்தியில், அனுதாபத்துடன் சேர்க்கப்படுகின்றது. அவருடைய எழுத்தை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாக அது கொள்ளப்படுவதில்லை. அவ்வாறு கொண்டால் என்ன தெரியவரும் என்பதே இங்கு என் வினா.

தீவகத்தின் நீரைப் பற்றி அறியாதவருக்கு இப்போராட்டத்தின் பாரம் விளங்காது. சுண்ணக்கல் நிலத்தின் அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் உவர் மேலேறிவிடும். ஊரிற் பல கிணறுகள் இருந்தாலும் குடிப்பதற்குரியன சிலவே. இத்தகைய நிலத்தில் நன்னீர்க் கிணற்றை வைத்திருப்பவன் அயலவரின் வாழ்வையே கையில் வைத்திருக்கின்றான். துலாக்கொடியைத் தொட அனுமதியற்ற மக்கள் குடங்களோடு தள்ளி நின்று, யாரேனும் இரங்கி ஊற்றும்வரை காத்திருந்தமை யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் நன்கறியப்பட்ட காட்சி. கிணறு கோயிலுக்குரியதாயின் இன்னொரு நியாயமும் வந்து சேர்ந்துவிடும். அது திருமஞ்சனத்துக்குரிய நீர். கண்டவர் கைபட்டால் அம்மனின் தூய்மை கெடும். காணியுடைமை என்று வாதிட்டால் எதிர்வாதம் உண்டு. தெய்வத்தின் தூய்மை என்று வாதிட்டால் எதிர்வாதமே பாவமாகிவிடும்.

ஆனால் இதே சைவ மரபில், நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த அப்பூதியடிகள் நாயன்மாருள் ஒருவர். திருவிழாக் காலங்களில் வீதிதோறும் தண்ணீர்ப் பந்தலிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் வழங்குவது இன்றும் புண்ணியமாகக் கருதப்படுகின்றது. எனவே கோயிற் கிணற்றில் மோதியவற்றை மதம் என்றும் நவீன சமூக மதிப்பீடு என்றும் இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. ஆனால் அது தவறு. தாகம் தீர்ப்பது அறம் என்பதும் தீண்டினால் நீர் கெடும் என்பதும் ஒரே வீட்டில், ஒரே திருநீற்றுக் குடுவையின் அருகே, முரண்பாடு தோன்றாமல் நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றன. தண்ணீர்ப் பந்தலில் ஊற்றுபவன் கை மேலேயும் ஏந்துபவன் கை கீழேயும் இருந்தமையால் அங்கு முரண்பாடு தோன்றவில்லை. கீழே இருந்தவன் தானே அள்ளிக்கொள்வேன் என்றபோதுதான் அது தோன்றியது.

சட்டம் இதனை முன்னரே தீர்த்துவைத்திருக்க வேண்டும். சாதியின் பேரால் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. பத்தாண்டு கழிந்தும் தேநீர்க் கடையில் போத்தலும் சிரட்டையும் மறையவில்லை. 1966 அக்டோபரிற் சுன்னாகத்தில் தொடங்கிய எழுச்சியும், அதனையடுத்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே கடைகளையும் கோயில்களையும் திறக்கச் செய்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்தைத் தடுக்க முன்னின்றவர் கல்லாத கிழவரொருவர் அல்லர். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த சி. சுந்தரலிங்கம். கல்வி வளர்ந்தால் இவை தாமே ஒழிந்துவிடும் என்று ஆறுதல் கொள்வோர் இதனைச் சற்று நிதானித்து நோக்குதல் நன்று.

இப்போராட்டங்களின் இலக்கியம் நமக்கு நன்கு அறிமுகமானதே. டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதி தண்ணீரையும் கண்ணீரையும் தலைப்பிலேயே இணைத்து வைத்தது. என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ கதையில், மேடையிற் சமத்துவம் பேசும் பெரியவர் தம்மைக் காண வந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டினுள் அழைக்காமல் நிலவின் அழகைக் காரணங்காட்டி வெளியே அழைத்துச் சென்றுவிடுகின்றார். ஈழத்துச் சிறுகதையில் இதைவிடக் கூர்மையான நாகரிகப் பொய்யை நான் வாசித்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக கே. டானியல் இருக்கின்றார். ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தது. கிணற்றையே பொருளாகக் கொண்ட ‘தண்ணீர்’ அவர் மறைந்தபின் வந்தது. டானியலின் பெருமை, ஒடுக்கப்பட்டோரை இரக்கத்துக்குரியவராக விட்டுவிடாமற் பேசுபவராகவும் திட்டமிடுபவராகவும் படைத்தமை. ‘கானல்’ நாவலில் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சைவக் கோயில் தராததைத் தேடி வேதத்துக்குச் சென்ற மக்கள், அங்கும் சாதி தம்முடனேயே வந்து அமர்ந்திருக்கக் காண்கின்றனர். பல மதங்கள் உள்ள சமூகத்தில் ஒரு மதத்தின் அநீதிக்கு இன்னொரு மதம் புகலிடமாகும் என்ற நம்பிக்கையை இந்நாவலைப்போல் வேறெதுவும் சோதித்ததில்லை.

டானியலின் தீர்வு தெளிவானது. கிணற்றைக் காத்து நிற்பது உடைமை உறவு. தெய்வம் அதன் மேற்பூச்சு. பூச்சைச் சுரண்டினால் உள்ளே இருப்பது தெரியும். தளையசிங்கத்தால் இதனை ஏற்க முடியவில்லை. தெய்வம் மேற்பூச்சானால், தண்ணீர் தரமாட்டேன் என்பவன் தெய்வத்தை அறிந்தவனாகவும், தண்ணீர் கேட்பவன் தெய்வத்தைத் துறந்தவனாகவும் ஆகிவிடுகின்றனர். சமயம் முழுவதையும் கிணற்றுக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற அவர் மறுத்தார். அவர் தொடங்கிய சர்வோதயப் பணி, சர்வமத சங்கம், ‘சத்தியம்’ இதழ் யாவும் இம்மறுப்பின் வடிவங்கள் எனலாம். கோயில் வாசலிற் சத்தியாக்கிரகம் செய்தவரின் குரல், எங்களை உள்ளே விடு என்பதோடு நிற்கவில்லை. நீ உள்ளே இருப்பதாக எண்ணுகின்றாயே, அது உண்மையா என்றும் கேட்டது.

இனி எழுத்துக்கு வருவோம். ‘புதுயுகம் பிறக்கிறது’ (1965) சிறுகதைகளிலிருந்து ‘போர்ப்பறை’ (1970) வழியாக, அவர் மறைவின்பின் வந்த ‘மெய்யுள்’ வரை அவரது சிந்தனை ஒரே திசையிற் சென்றது. மார்க்சியம் மனித வளர்ச்சியின் ஒரு படியை விளக்குகின்றது, அடுத்த படியை விளக்கவில்லை என்பது அவர் வாதம். உபநிடதம் கூறும் கோசங்களின் வரிசையை அரவிந்தர் வழியாக எடுத்துக்கொண்டு, மனிதகுலம் மனத்தின் எல்லையைத் தாண்டி விஞ்ஞானமய நிலைக்கு உயரப்போகின்றது என்றும், அப்போது கதை, கவிதை என்ற கற்பனை வடிவங்கள் உடைந்து வாழ்வே கலையாகிவிடும் என்றும் அவர் கருதினார். செய்யுளுக்கு மாற்றாக அவர் படைத்த சொல்லே மெய்யுள். (பரீட்சை விடைத்தாளில் இச்சொல்லைப் பொருள் விளக்கத்துடன் எழுதி மதிப்பெண் பெறுவதற்கு மாணவராகிய நாம் நன்றாகவே பழகியிருக்கின்றோம்.)

‘கலைஞனின் தாகம்’ என்பது ‘மெய்யுள்’ தொகுதியில் உள்ள ஓர் ஆக்கம். அத்தலைப்பை 1971 ஆம் ஆண்டின் கிணற்றுக்கு அருகில் வைத்து நோக்குமிடத்து ஒரு சங்கடம் தோன்றுகின்றது. அங்கே தாகம் ஓர் உருவகம். முழுமையை நாடும் ஆன்மாவின் தவிப்பு. கிணற்றடியிலோ தாகம் உருவகம் அன்று. பிள்ளைக்குக் கொடுக்க நீர் இல்லாத தாயின் தாகம். தளையசிங்கம் இரண்டாவது தாகத்துக்காக அடி வாங்கினார். முதலாவது தாகத்தைப் பற்றியே மிகுதியாக எழுதினார். அவரது சிந்தனை நூல்களிற் பிரபஞ்சம் பேசுகின்றது, யுகங்கள் பேசுகின்றன, ஆசிரியர் அயராது பேசுகின்றார். குடத்தோடு காத்து நின்றவள் பேசவில்லை. டானியலிடம் அவள் பேசுகின்றாள். இது சிறிய குறையன்று. எந்த உயர்ந்த நிலையை நோக்கி மனிதகுலம் ஏறுவதாகக் கூறினாலும், அந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்போரின் பெயரும் முகமும் பிரதியில் இல்லையெனில், ‘மேல்’, ‘கீழ்’ என்று படிநிலைகளை அடுக்கும் பழைய பழக்கம் வேறு உருவில் உள்ளே புகுந்துவிடும் அபாயம் உண்டு.

எனினும் இக்குறையைச் சுட்டிய முற்போக்கு விமர்சகர் பலர், அவரை வெறும் ஆத்மீகவாதி என்று ஒதுக்கியதோடு அமைந்தனர். அவரும் அவர்களுக்குச் சளைத்தவரல்லர். ‘முற்போக்கு இலக்கியம்’, ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ ஆகியவற்றில் கைலாசபதி முதலியோரைக் கடுமையாகவே தாக்கினார். எம். ஏ. நுஃமான் பின்னர் அவரது கருத்துக்களை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்து மறுத்தார், தம்பியாராகிய மு. பொன்னம்பலம் அண்ணனின் பார்வையை நிலைநாட்டத் தொடர்ந்து எழுதினார். காலச்சுவடு பதிப்பகம் 2006 இல் அவரது படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டபின் தமிழகத்திலும் வாசகர் பெருகினர். இந்த விவாதம் பெரும்பாலும் பொருளா, ஆன்மாவா என்ற வினாவைச் சுற்றியே சுழன்றது. ஒரு தரப்பினர் கிணற்றை ஏற்று மெய்யுளைத் தள்ளினர். மறு தரப்பினர் மெய்யுளைப் போற்றிக் கிணற்றை அதன் அடிக்குறிப்பாக்கினர். என் கருத்தில், வாழ்வே கலையாக வேண்டும் என்ற அவரது கோட்பாட்டுக்குக் கிடைத்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அவர் எழுதிய எந்தப் பக்கத்திலும் இல்லை, அக்கிணற்றடியில் இருக்கின்றது. அவரது கோட்பாட்டை அவரது எழுத்தைக் கொண்டு அளந்தால் அது தோற்கின்றது. அவரது செயலைக் கொண்டு அளந்தால், நாம் இன்னும் விடை சொல்லாத ஒரு வினாவாக அது நிற்கின்றது.

அக்கோயில் கண்ணகிக்குரியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அரசவையில் தனியே நின்று நீதி கேட்ட பெண் அவள். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வழிபடுவதும் அவளையே. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதென்று கண்டித்தார். அதன்பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல ஆகம நெறிப்பட்ட அம்பாள் கோயில்களாயின. தெய்வத்தின் பெயரும் பூசை முறையும் மாறலாம். நூறாண்டுக்குள் மாறியும் விட்டன. அதே காலத்தில், கிணற்றை யார் தொடலாம் என்பது மட்டும் மாற்றமுடியாத அநாதி வழக்கு என்று சொல்லப்பட்டது. நம்பிக்கையின் பேராற் பேசுவோரிடம் வரலாறு கேட்கவேண்டிய கேள்வி இது. தளையசிங்கம் இதனைக் கேட்டிருக்கலாம். அவர் வரலாற்றைவிட யுகங்களையே விரும்பினார்.

1991 இல் போர் தீவகத்தை அடைந்தபோது புங்குடுதீவு பெரும்பாலும் வெறிச்சோடியது. தளையசிங்கத்தின் வழியில் வளர்ந்த கவிஞர் சு. வில்வரத்தினம், கைவிடப்பட்ட தம் ஊரின் துயரை ‘காற்றுவெளிக் கிராமம்’ (1995) என்ற தொகுதியாக்கினார். ஈழத்துக் கவிதையில் அது ஒரு பெரும் இழப்பின் பதிவு. ஊரை இழந்தோர் அனைவரும் தமதென்று ஏற்ற குரல். புலம்பெயர்ந்தோர் இன்று அனுப்பும் பணத்திற் கோயில்கள் புதுக்கப்படுவதும், குடமுழுக்குகள் நடப்பதும் அந்த இழப்புணர்ச்சியிலிருந்தே. ஆனால் இழந்தது ஒரே ஊரா என்று கேட்க வேண்டியிருக்கின்றது. குடத்தோடு தள்ளி நின்றவர்களின் நினைவில் உள்ள புங்குடுதீவும், துலாக்கொடியைப் பிடித்திருந்தவர்களின் நினைவில் உள்ள புங்குடுதீவும் ஒன்றல்ல. முதலாவது புங்குடுதீவை யாரும் இன்னும் ஒரு முழு நூலாக எழுதியதாக நான் காணவில்லை. தளையசிங்கத்தைப் பற்றி அடுத்து எழுதப்போகும் மாணவர், ‘மெய்யுள்’ நூலைத் திறக்குமுன் அந்த மக்களில் எஞ்சியிருப்போரைத் தேடிச் சென்று 1971 பற்றிக் கேட்டெழுதுவாராயின், அவரைப் பற்றிய விமர்சனம் வேறிடத்திலிருந்து தொடங்கும்.