பியர் பேலின் சமயப் பொறைக் கொள்கை: ஒரு மதிப்பீடு

சமயப் பொறைக்காக வாதாடிய பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளருள் லொக், ஸ்பினோசா ஆகியோரை நாம் அறிந்த அளவுக்குப் பியர் பேலை (1647–1706) அறிந்திலோம். பிரான்சிற் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த வழிபாட்டுரிமை 1685இல் பறிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேலின் தமையனார் சிறையில் உயிர்நீத்தார். ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரிற் புகலடைந்திருந்த பேல், மறு ஆண்டு தமது 'மெய்யியல் விளக்கவுரை'யை வெளியிடத் தொடங்கினார்.

விருந்துக்கு ஆட்களை வற்புறுத்தி அழைத்துவரச் சொல்லும் லூக்கா சுவிசேஷ உவமையைச் சமயப் பலாத்காரத்துக்கு ஆதாரமாக்கியோரை அந்நூல் மறுக்கின்றது. அதன் வாதங்களுள் இரண்டு முதன்மையானவை. பலாத்காரம் உடலை வணங்கச் செய்யுமேயன்றி உள்ளத்தை நம்பச் செய்யாது என்பது ஒன்று. எச்சமயம் மெய்ச்சமயம் என்பதை எல்லோரும் ஏற்குமாறு நிறுவப் பகுத்தறிவால் இயலாது. ஆதலின் மெய்ச்சமயத்துக்குத் துன்புறுத்தும் உரிமையுண்டெனின், ஒவ்வொரு சபையும் அவ்வுரிமையைத் தனக்கே கோரும் என்பது மற்றையது. பேலின் ஐயவாதம் சமயப் பொறைக்கு அடித்தளமாவது இவ்விரண்டாம் வாதத்திலேயே.

இவற்றுள் முதலாவது வாதம் வலுவற்றது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. பேலுக்குப் புகலளித்த நாட்டின் கிழக்கிந்தியக் கம்பனி 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டது. ஒல்லாந்தில் வீடுகளுள் மறைவாக நடந்த கத்தோலிக்க பூசையை அதிகாரிகள் பெரும்பாலும் கண்டும் காணாதிருந்தனர். இங்கோ கத்தோலிக்க குருமார் தடைசெய்யப்பட்டனர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்திற் பணியாற்ற நேர்ந்தது. அவரை முதலில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டுப் பின்னர்ப் பாதுகாத்தவன் கண்டியின் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன். கம்பனியின் உத்தியோகத்தை நாடியோர் புரட்டஸ்தாந்த ஞானஸ்நானம் பெற்றனர். பாடசாலைத் தோம்புகளிற் பெயர் பதிந்தனர். அவருட் பலர் உள்ளத்தாற் சைவராகவும் பௌத்தராகவும் கத்தோலிக்கராகவுமே வாழ்ந்தனர். கம்பனிக்கும் அவர்தம் உள்ளம் தேவைப்படவில்லை. தோம்பிற் பெயர் இருந்தாற் போதும். உள்ளத்தை வெல்ல முயலாத ஆட்சியிடம், உள்ளத்தை வெல்லவியலாது என்று வாதிடுவதாற் பயன் யாது?

இரண்டாவது வாதமோ இன்றும் நிலைத்து நிற்கின்றது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலமொன்றை முன்னிட்டுக் கத்தோலிக்கரும் பௌத்தரும் மோதிய வேளை, இரு சாராரும் தத்தம் பக்கமே நியாயம் என நம்பினர். அத்தகைய தருணத்தில், 'எனக்கு நான் கோரும் உரிமையை அவனும் தனக்குக் கோருவானாயின் என்னாகும்?' என்ற வினாவே கையை அடக்கவல்லது.

பேல் அகதியாக இருந்து எழுதினார். நலிந்தோன் பொறையை வேண்டுதல் இயல்பு. வலியோன் ஒருவன் அவர் நூலைப் படித்துத் தன் வலிமைக்கு எல்லை வகுப்பானாயின், அதுவே அந்நூலின் வெற்றியாகும்.