கியோட்டோ வெயிலும் 'காட்டன் போடுங்க' என்ற அரை உண்மையும்

ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகிறவர்கள் என்ன உடுத்த வேண்டும்? தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது. போன வருஷம் நானும் பத்துப் பன்னிரண்டு படித்துவிட்டு அதன்படியே பெட்டி கட்டினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே பட்டியல்களை மறுபடி எடுத்து, இந்த முறை கொஞ்சம் சந்தேகத்தோடு படித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

சந்தேகம் வரக் காரணம் என் அம்மா. வயது 68, மதுரைக்காரர். "மதுரை வெயில்லயே காலத்தை ஓட்டியாச்சு, இந்த ஊரு என்னைய என்ன பண்ணிரப் போகுது" என்று சொல்லி, நாலு பழைய சுங்குடிச் சேலைகளை எடுத்து வைத்திருந்தார். நான்தான் தடுத்தேன். "சேலையைக் கட்டிக்கிட்டு அவ்வளவு படி ஏற முடியாதும்மா" என்று சொல்லி, பட்டியலில் இருந்தபடி 'சீக்கிரம் காயும்' பாலியெஸ்டர் குர்த்தியும் லெகின்ஸும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள், ஃபுஷிமி இனாரி மலைப்படியில் காலை பதினொன்றரை மணிக்கு, "தலை சுத்துதுப்பா" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், கை சில்லென்று இருந்தது. நிழல், கழுத்தில் ஈரத்துண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் என்று அரைமணி நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனா அந்த அரைமணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, பட்டியல்களில் என்னதான் தப்பு?

முதல் குறை, எல்லா வெயிலையும் ஒரே வெயிலாகப் பார்ப்பது. "வெளிர் நிறம், முழுக்கை, மெல்லிய துணி" என்று பாலைவனத்துக்குச் சொல்வதையே கியோட்டோவுக்கும் சொல்கிறார்கள். இஞ்சினியர் புத்தி, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியர்வை வெளியே வருவதால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை வீண். ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது, ஈரமான தோலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். தோல் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அங்கே அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். பாலைவனத்தில் 42 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் காற்றில் இருப்பது 0.8 தான். வித்தியாசம் 4.8. கியோட்டோ மாதிரி ஊரில் 34 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வச்சுக்கோங்க. காற்றிலேயே 3.2 இருக்கிறது. வித்தியாசம் 2.4. அதாவது சரிபாதி. வெப்பமானி எட்டு டிகிரி குறைவாகக் காட்டுகிற இடத்தில், உடம்பின் குளிரூட்டும் வசதி பாதியாகிவிடுகிறது. போதாததற்கு அந்த நகரத்துக்குக் கிழக்கு, வடக்கு, மேற்கு என மூன்று பக்கமும் மலை. காற்றோட்டமும் குறைவு.

இரண்டாவது குறை, நூலைப் பற்றிப் பேசிவிட்டு நெசவையும் தையலையும் விட்டுவிடுவது. ஒரு கட்சி 'காட்டன்' என்கிறது, இன்னொரு கட்சி 'சிந்தெடிக்' என்கிறது. இரண்டும் பாதி சரி. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதம் போல ஈரத்தை வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. அதனால் பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனா ஒரு தடவை தெப்பலாக நனைந்துவிட்டால் ஈரக்காற்றில் லேசில் காயாது. பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனா உடம்போடு இறுக்கமாக இருந்தால் தோலுக்கும் துணிக்கும் நடுவே காற்றே போகாது. நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது இந்த இரண்டாவது வகை. தப்பு பாலியெஸ்டரில் இல்லை, இறுக்கத்தில்.

துணிக்கு அடியில் காற்று ஓடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 1980இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு நல்ல உதாரணம். பாலைவன நாடோடிகளான பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்பது கேள்வி. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிகச் சூட்டை வாங்கியது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோல்வரை போய்ச் சேரவில்லை. தொளதொள அங்கிக்குள் ஓடிய காற்று அதை வெளியே கொண்டுபோய்விட்டது. ஆய்வு நடந்தது பாலைவனத்தில்தான், அதை அப்படியே கியோட்டோவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் நிறத்தைவிடத் தளர்வு பெரிய விஷயம் என்ற பாடம் பொருந்தும். ஈரக்காற்றில் இன்னும் கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் அங்கே துணிக்குள் தேங்கிய ஆவியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிய வருத்தம். பட்டியல்கள் அந்த நகரத்திடமே பாடம் கேட்கவில்லை. கியோட்டோ ஆயிரம் வருஷத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர். அதன் பெரிய திருவிழாவான கியோன் மட்சுரி 869இல் கொள்ளைநோயைத் தணிக்கச் செய்த சடங்கில் தொடங்கியது, இன்றும் ஜூலையில் நடக்கிறது. கோடை அங்கே உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. அதனால்தான் உடைக்கே ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் கொரோமோகாயே. ஜூன் பிறந்தால் உள்துணி வைத்த கிமோனோ உள்ளே போய், ஒற்றைத் துணி கிமோனோ வெளியே வரும். ஜூலை, ஆகஸ்டில் அதுவும் போய், ரோ, ஷா எனப்படும், கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு நெய்த வலை போன்ற துணி. இன்னொன்று, நிகாதா பகுதியில் ராமி நாரில் நெய்யும் ஓஜியா சிஜிமி. நூலை முறுக்கி நெய்து, துணியைச் சுருங்க வைப்பார்கள். சுருக்கத்தின் மேடுகள் மட்டுமே தோலைத் தொடும், பள்ளங்களில் காற்று ஓடும். பழைய வீடுகளில் கோடைக்குக் காகிதக் கதவைக் கழற்றிவிட்டு நாணல் தட்டிக் கதவு மாட்டுவார்கள். வீட்டுக்கும் உடைக்கும் அவர்கள் கொடுத்த விடை ஒன்றே: காற்றுக்கு வழி விடு.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் பட்டியல்கள் சொல்வது: "யுகாதா வாடகைக்கு எடுத்துப் படம் எடுங்கள்." யுகாதா என்பது குளியலறையில் உடுத்திய மெல்லிய ஒற்றை உடையிலிருந்து வந்தது, வெயிலுக்கு ஏற்றதுதான். ஆனா நான் கடைகளில் பார்த்த வாடகை உடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். படம் கலையக்கூடாது என்பதற்காக இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பாரம்பரியமாக இருக்கிறது, பாரம்பரியம் செய்த வேலையைச் செய்யவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். தொப்பி, குடை, தண்ணீர் என்று பட்டியல்கள் சொல்வது சரிதான். ஆனால் அவை இருபத்தைந்து வயதுக்காரருக்கு எழுதப்பட்டவை. வயதானால் வியர்வை குறையும், தாகமும் தாமதமாகத் தெரியும். அதை எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. இந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. எதிரே உட்கார்ந்திருந்த மனுஷியைக் கேட்காமல் முகம் தெரியாத பட்டியலைக் கேட்டவன் நான்.

மறுநாள் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். துவைத்துத் துவைத்து மல்லுத்துணி மாதிரி ஆகிப்போன சேலை. முந்தானை வெயிலில் தலைக்கு முக்காடு, நிழலில் விசிறி, நடுவில் கைக்குட்டை. முதுகும் இடுப்பும் காற்றுக்குத் திறந்தே இருந்தன. சேலையைக் கொண்டாடும் எண்ணம் எனக்கில்லை. கொசுவமும் பாவாடை நாடாவும் இருக்கும் இடம் நனைந்துதான் போனது, படியில் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனா தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற உடை என்பது குர்த்தியில் இல்லாத வசதி. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே கிளம்பி, பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, சாயங்காலம் நாலரைக்குத்தான் மறுபடி வெளியே போனோம். எந்த உடையைவிடவும் இது அதிகம் உதவியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். நூல் எதுவானாலும் தொளதொளவென்று, உடம்பில் ஒட்டாத நெசவாகப் பாருங்கள். பருத்தி என்றால் மதியம் மாற்ற ஒரு செட் பையில் இருக்கட்டும். நிஜோ கோட்டை அரண்மனை, சஞ்சூசங்கெந்தோ மாதிரி இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் சுலபமாகக் கழற்றி மாட்டும் காலணி, கூடவே மாற்றுக் காலுறை. நண்பகலில் எந்த உடையும் போதாது, உள்ளேயே இருங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் எடுத்து வைத்ததைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் முன், ஏன் வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். "மேல பட்டும் படாம இருக்கும்ப்பா, அதான்" என்றார் அம்மா. நான் இத்தனை பத்தியில் எழுதியது அவ்வளவுதான்.